காது கேட்கவில்லை என்று வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டாதீர்கள்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடற்கரை ஊர்களில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

உடம்புக்கு ஏதாவது என்றால் எங்கள் சனம் முதலில் ஏறுவது உங்கள் கடைப்படியில்தான். ஆஸ்பத்திரி அப்புறம். கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர், பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா, வல்லம் படகில் இன்ஜின் பக்கம் உட்கார்ந்தே வயசான தாத்தா, எல்லோரும் வந்து கேட்பது இதுதான்: "காது மந்தமா இருக்கு, குடிக்க எதாச்சும் கொடுங்க." நீங்களும் சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி, அதிமதுரம் என்று கட்டிக் கொடுக்கிறீர்கள். இப்போது காது கேட்க வைக்கும் மூலிகைத் தேநீர் என்று அச்சடித்த பாக்கெட்டுகளும் சில கடைகளில் தொங்குகின்றன. அதனால்தான் இந்த மடல்.

கருப்பட்டி போட்ட சுக்குக் கசாயம் எங்கள் வீட்டிலும் கொதிக்கிறது. அதனால் ஆகிற காரியமும் உண்டு. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஒரு மெல்லிய குழல் போகிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்ய அந்தக் குழல் திறக்க வேண்டும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்படியே முங்கினால் செவிப்பறை கிழியலாம். சூடான கசாயம் தொண்டைக்கு இதம், மூக்கடைப்பும் கொஞ்சம் இளகும். ஆனால் அந்தத் தெம்பில் அன்றைக்கே முங்கப் போகாதே, சளி முழுக்க விட்ட பிறகு போ என்று நீங்கள் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் கேட்காதவரும் நீங்கள் சொன்னால் கேட்பார்.

செவிப்பறை கிழிந்தவர் விஷயம் வேறு. காது நனையாமல் பார்த்துக்கொண்டால் சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் குடித்த கசாயத்துக்குப் பெயர் போய்விடுகிறது, அடுத்தவருக்கும் அதையே சொல்கிறார்கள். இதைவிட மோசம், பூண்டு காய்ச்சிய எண்ணெயையோ துளசிச் சாற்றையோ காதுக்குள் விடுவது. கிழிசல் இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும். தயவுசெய்து காதில் ஊற்ற எதையும் கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது ஒரே ராத்திரியில் அடைத்துப்போகும், கூடவே இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். உள்காது நரம்பு பாதித்திருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். இரண்டு வாரம் கடந்துவிட்டால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அந்த இரண்டு வாரமும் எங்கள் ஆட்கள் கசாயம் குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

சத்தத்தை உணர்கிற உள்காது மயிர்ச்செல்கள் இன்ஜின் சத்தத்தில் செத்துப்போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எந்த மூலிகையும் அவற்றை முளைக்க வைக்காது. காதடைப்பான் போடச் சொல்லுங்கள், விலை கொஞ்சம்தான்.

அப்புறம் அந்தப் பாக்கெட்டுகள். அவற்றில் சிலவற்றில் போடும் ஜின்கோ என்ற சீனத்து மரத்தின் இலை காது இரைச்சலைக் குறைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம். அதிமதுரமும் தினமும் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிலேயே பிரஷர் மாத்திரை வாங்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய. பொட்டலம் கட்டும் முன் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காது கேளாமையைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி அச்சடித்து வரும் சரக்கை இறக்காதீர்கள்.

காதில் ரத்தமோ சீழோ வருகிறது, திடீரென்று கேட்கவில்லை, தலை சுற்றுகிறது என்று யார் வந்தாலும் காசு வாங்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அன்றே அனுப்புங்கள். சளிக்கும் இருமலுக்கும் அவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
பாம்பனில் பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி