பொருள்: ஒரு படம் திறக்கவில்லை என்பதற்காக மொத்த ஆல்பமும் நின்றுபோவது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் ஆல்பம் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டி வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோ எங்களுடையது. போன வாரம் ஒரு கல்யாணத்தின் எண்ணூறு சொச்சம் படங்களை ராத்திரி ஏற்றிவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று ஒரே ஒரு வரி. எந்தப் படம், என்ன தவறு, எதுவரை முடிந்தது, ஒன்றும் கிடையாது. அதற்குள் தயாராகியிருந்த படங்களும் போச்சு.

மென்பொருள் செய்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தால் விஷயம் அங்கேயே இருக்கிறது: படங்களைத் திறக்க உங்கள் மென்பொருள் பயன்படுத்தும் பில்லோ நூலகம் 'அன்ஐடென்டிஃபைட் இமேஜ் எரர்', அதாவது என்ன படம் என்று அடையாளம் தெரியவில்லை என்ற பிழையைக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஐபோனில் எடுத்து அனுப்பிய படம் அது. பெயர் ஜேபிஜி என்று முடிகிறது, உள்ளே இருப்பது எச்இஐசி என்ற வேறொரு பட வடிவம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புது ஐபோன்கள் வழக்கமாக எச்இஐசி-யாகத்தான் சேமிக்கின்றன, நடுவில் யாராவது பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது அன்றாடம் வருவது. பில்லோவுக்கு எச்இஐசி படங்களைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும் பில்லோ-ஹீஃப் செருகுநிரலைச் சேர்த்திருந்தாலே திறந்திருக்கும்.

"அது மூன்றாம் தரப்பு நூலகத்தின் பிழை, நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இது என்ன கோப்பு என்று தெரியவில்லை என நூலகம் ஒழுங்காகச் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு, படத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போக வேண்டியது உங்கள் நிரல். அந்த நூலகத்தைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தானே, நாங்கள் பணம் கட்டுவது உங்களிடம்.

அப்புறம், இந்த ஒரு பிழையை மட்டும் பிடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பாதியில் அறுந்து இறங்கிய ஜேபிஜி படத்தை பில்லோ திறக்கும்போது பெரும்பாலும் பிழை என்று சத்தமே வராது, ஏனென்றால் அப்போது அது தலைப்பகுதியை மட்டும்தான் படிக்கிறது; பிக்சல்களைப் படிக்கும்போதுதான் 'ஓஎஸ் எரர்' என்ற பிழை வரும். அதற்குப் பயந்து அறுந்த படங்களையும் ஏற்கும்படி அமைத்தால் படத்தின் அடிப்பாகம் வெறுமையாகவே அச்சுக்குப் போய்விடும். எல்லாப் பிழையையும் பிடித்து விழுங்குவதும் கூடாது. தாலி கட்டும் படம் சொல்லாமல் விடுபட்டு ஆல்பம் கைக்கு வந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

திறக்காத படங்களின் பெயரையும் காரணத்தையும் கடைசியில் பட்டியலாகக் காட்டுங்கள், மீதியை முடித்துக் கொடுங்கள். எப்போது செய்வீர்கள் என்று தேதி சொல்லுங்கள். முடியாது என்றால் மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். லாக் கோப்பையும் அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.