விளம்பரத்துக்காகத் தலைகாட்டுகிறவரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மேடையில் சிரிக்கவைக்க வேண்டியவர் விளம்பரத்துக்காகப் போராட்டங்களில் தலைகாட்டுகிறார் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, சிரிப்புக் கலைஞருக்கு அரசியல் எதற்கு என்று கேட்க அவருக்கே சிரிப்பு வரவில்லையா?

2001-ல் நான் மன்ஹாட்டனில், வால் ஸ்ட்ரீட் பக்கம் வேலை பார்த்தேன். உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பங்குச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் துறைத் தலைவர் கிறிஸ்டின் விட்மன், சந்தை திறந்த மறுநாளே, காற்றால் ஆபத்தில்லை என்று அறிக்கை விட்டார். எங்கள் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் சாம்பல் நிறத் தூசு பொலபொலவென்று உதிரும். அதையெல்லாம் துடைத்தவர் வயதான ஒரு துப்புரவுப் பெண்மணி. மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். பிற்பாடு நுரையீரல் கெட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு நிதியிலிருந்து இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது, அந்தக் கட்டடத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அவரை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரரோ எப்போதோ கடையைக் கட்டியிருந்தார். அவரை அங்கே பார்த்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அப்புறம் 2019 பிப்ரவரியில் நிதி போதவில்லை என்று சொல்லி, நிலுவையில் இருந்தவர்களுக்குப் பாதியை வெட்டினார்கள். புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு 70 சதவீதம் வெட்டு.

அந்த ஜூன் 11-ம் தேதி ஸ்டூவர்ட் இந்த நிதிக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். எதிரே பல நாற்காலிகள் காலி. பக்கத்தில் லூயிஸ் ஆல்வரெஸ் என்ற போலீஸ் துப்பறிவாளர், இடிபாடுகளில் மீட்புப் பணி செய்து புற்றுநோய் வந்தவர், 68 முறை கீமோ சிகிச்சை முடித்து மறுநாள் 69-வது முறைக்குப் போகவிருந்தவர். இந்த மீட்புப் பணியாளர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், பதினெட்டு வருடம் கழித்தாவது நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்று ஸ்டூவர்ட் குரல் உடையக் கத்தினார். கூடியது துணைக்குழுதான், அதனால் இடம் காலியாகத் தெரிந்தது என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். சரி, இருக்கட்டும். ஆல்வரெஸ் அந்த மாதமே இறந்துபோனார். ஜூலையில் மேலவையான செனட்டில் அந்த இழப்பீட்டு நிதிக்கான மசோதா 97-க்கு 2 என்று நிறைவேறியது. 2090 வரை நிதி உண்டு. எங்கள் பெண்மணிக்கு வெட்டிய தொகையும் வந்து சேர்ந்தது. விளம்பரமாம்!

2022-ல் நடந்தது உங்களுக்குத் தெரியாததா? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த புகையைச் சுவாசித்து நோயாளியான அமெரிக்க ராணுவத்தினருக்கான மசோதா அது. ஜூனில் ஆதரித்த செனட்டர்கள் பலர் ஜூலையில் கை கழுவினார்கள். முன்னாள் வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்துவிட்டார்கள், ஸ்டூவர்ட்டும் அவர்களோடு நின்றார். ஒரே வாரத்தில் 86-க்கு 11 என்று மசோதா நிறைவேறியது. இதற்கு உங்கள் கட்டுரையில் அரை வரிகூட இல்லை.

மாறாக, 'யூதர்' என்பது மட்டும் ஐந்தாறு இடத்தில் இருக்கிறது. எந்த செனட்டரின் மதத்தையும் எழுதாதவர்கள் இவருடையதை மட்டும் எழுதுவானேன்? 2014-ல் காசா போரின்போது, தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அவர் 'இஸ்ரேல்' என்று வாயைத் திறந்ததுமே நாலு பக்கமும் ஆட்கள் எழும்பி அவரைத் திட்டுவதாக ஒரு நாடகம் போட்டார். நிஜத்திலும் அதுதான் நடந்தது. சொந்த இனத்துக்குத் துரோகி என்று ஒரு சாரார், இன்னும் உறைக்கச் சொல்லவில்லை என்று மறுசாரார்.

நான் அவருடைய ரசிகன் இல்லை. 2010 அக்டோபரில் வாஷிங்டனில் அவர் கூட்டிய பேரணி எனக்குப் பிடிக்கவே இல்லை. தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது எல்லோரும் சத்தத்தைக் குறையுங்கள் என்பது ஒரு பேச்சா? அதை நீங்கள் அப்போது 'தேர்தல் பிரச்சாரக் கூட்டம்' என்று எழுதினீர்கள். மறுத்து எழுதினேன், வெளியாகவில்லை. வாசகர் கடிதப் பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டதல்லவா, ராசிபலனுக்குத்தான் மூன்று பக்கம் வேண்டியிருக்கிறதே. சந்தாவை ஏற்றியதை மட்டும் அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையோடு வந்த ஸ்டூவர்ட்டின் 2019 படத்தின் கீழே 'செனட்டில் சாட்சியம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது செனட் அல்ல, கீழவையான பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைத் துணைக்குழு. அடுத்த இதழில், இடம் இருந்தால், ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஸ்ரீரங்கம்