குப்பை மெயிலை வாசலிலேயே நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சொந்தமாக மெயில் சர்வர் (மெயிலை வாங்கி அனுப்பும் கணினி) நடத்துவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பேம் எனப்படும் குப்பை மெயில் வருவதைத் தடுக்க முடியாது, வந்ததை ஜங்க் ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து தரும் ஒரு சிறிய அறக்கட்டளையின் மெயில் சர்வரை நான் பராமரிக்கிறேன். அங்கே மெயில் கணக்கு வைத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பார்வையற்றவர்கள். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஜங்க் ஃபோல்டர் ஒரு பொருட்டே இல்லை. ஒரு திரை நிறையத் தலைப்புகளைச் சட்டென்று மேய்ந்துவிட்டு மூடிவிடலாம். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் அது நடக்காது. ஒவ்வொரு தலைப்பையும் காதால் கேட்டுத்தான் தள்ள வேண்டும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தலைப்பில் எமோஜிகளை அள்ளிக் கொட்டுகிறார்கள்; ஸ்கிரீன் ரீடர் அவை ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும். "நெருப்பு, நெருப்பு, நெருப்பு, பணப்பை, ராக்கெட், ராக்கெட்" என்று ஓடி முடிந்த பிறகுதான் விஷயம் என்ன என்பதே தெரியவரும். எங்கள் ஒலிப்பதிவுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, காலையில் வேலையைத் தொடங்கும் முன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் ஒரு அத்தியாயத்தின் பதிவைச் சரிபார்த்து முடித்திருக்கலாம்.

சொந்த சர்வருக்கு முன்பு வெளியே ஒரு மெயில் சேவையில் இருந்தோம். புத்தகம் கேட்டு வாசகர்கள் எழுதும் மெயில்களில் சிலவற்றை அது சத்தமில்லாமல் ஜங்கில் போட்டுவிடும். எழுதியவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு மாணவி பாடப்புத்தகம் கேட்டு அனுப்பிய மெயில், அவருடைய தேர்வு முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஜங்க் ஃபோல்டரை நான் ஒரு தீர்வாகவே எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். சந்தேகமான மெயிலை வாங்கி ஒளித்து வைப்பதைவிட, அது உள்ளே வருமுன்பே காரணம் சொல்லி மறுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

மெயில் பரிமாற்றம் என்பது இரண்டு சர்வர்கள் வரிவரியாகப் பேசிக்கொள்வது. இணைய முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வைத்த எஸ்எம்டிபி என்ற மெயில் நெறிமுறைதான் அடிப்படையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'நான் இன்னார்' என்று வருகிறவர் சொல்வதைச் சரிபார்க்க அதில் வழி வைக்கப்படவில்லை. ஸ்பேமின் மூலக்கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே நெறிமுறை, பேச்சு முடிவதற்குள் எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை வாங்குகிற சர்வருக்குக் கொடுத்திருக்கிறது. 550 என்ற எண்ணோடு ஒரு வரி எழுதி மறுத்தால், அந்த மெயிலின் பொறுப்பு அனுப்பிய சர்வரிடமே நின்றுவிடும். அனுப்பியவர் உண்மையான ஆளாக இருந்தால், அவருடைய சர்வரே அவருக்கு உடனே தகவல் சொல்லிவிடும். மெயில் சர்வரை இயக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் இந்த மறுப்பு வரிக்குக் கீழே நம் விருப்பப்படி ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். நாங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைச் சேர்த்திருக்கிறோம். தவறுதலாக மறுக்கப்பட்டவர் அதைப் பார்த்து அழைக்கிறார், பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. மெயிலை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு 'சேரவில்லை' என்று திருப்பி அனுப்புவது வேறு விஷயம். அதை ஒருபோதும் செய்யக்கூடாது. ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அந்தத் திருப்பு மெயில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும்.

சரி, வாசலில் எப்படி அடையாளம் காண்பது? நான் ரசித்துப் பார்க்கிற ஒரு சோதனை போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்ஸ்கிரீன் என்ற பகுதியில் இருக்கிறது. இணைப்பு கிடைத்ததும் சர்வர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், வந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. போஸ்ட்ஸ்கிரீன் அந்த வணக்கத்தில் பாதியை மட்டும் சொல்லும். 220 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு வைத்து அனுப்பும். 'இன்னும் இருக்கிறது, பொறு' என்பது அதன் பொருள். அப்புறம் 6 விநாடி பேசாமல் இருக்கும். முறையான சர்வர் காத்திருக்கும். வைரஸ் பிடித்த கணினியிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பத் துடிக்கும் நிரல் காத்திருக்காது. தன் வசனத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடும். சர்வரின் பதிவேடான லாக்கில் அது 'ப்ரீகிரீட்' என்ற குறியோடு, எத்தனை விநாடியில் வாய் திறந்தது, என்ன பெயர் சொன்னது என்பது வரைக்கும் பதிவாகும். 'ஒய்எல்எம்எஃப்-பிசி' என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவற்றை உலகம் முழுவதும் சர்வர் பார்ப்பவர்களுக்குத் தெரியும். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்க்கும் போட்கள், அதாவது தானியங்கி நிரல்கள், அவை. மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்காமலே இத்தனை பேரை நிறுத்திவிட முடிகிறது. இந்தச் சோதனை, வெளி சர்வர்களிடமிருந்து மெயில் வரும் வாசலான 25-ஆம் போர்ட்டில் மட்டும் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ஆட்கள் மெயில் அனுப்ப 587 அல்லது 465 போர்ட்டை, கடவுச்சொல்லோடு, தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தடைப்பட்டியல்கள். ஸ்பேம் அனுப்பும் இடங்களின் பட்டியலைப் பார்த்து மறுப்பது; 1997-இல் பால் விக்ஸி என்ற இணைய வல்லுநர் தொடங்கிய யோசனை இது. வருகிறவரின் ஐபி எண்ணை (இணைய முகவரி எண்) தலைகீழாகத் திருப்பி, இணையப் பெயர்களுக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பிடம் ஒரு கேள்வியாகக் கேட்டால், பட்டியலில் இருந்தால் 127 என்று தொடங்கும் பதில் வரும். ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் ஜென் பட்டியல் எங்களுக்குப் பெரிய துணை. வீட்டு இணைப்புகளின் ஐபி எண்களும் அதில் அடக்கம். அங்கிருந்து நேரடியாக 25-ஆம் போர்ட்டுக்கு மெயில் வர நியாயமே இல்லை.

உங்கள் கட்டுரை இந்த இடத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டை அனுப்பும். '127 என்று எது வந்தாலும் மறு' என்று எழுதியிருக்கும் சர்வர், அதையும் தடையாகவே எடுத்துக்கொண்டு வருகிற எல்லா மெயிலையும் மறுத்துவிடும். ஆகவே சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரை, அதாவது டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடும் நிரலை, ஓடவிட்டு, கேள்விகள் அதன் வழியாகவே போகும்படி அமைக்க வேண்டும். எந்தப் பதில் வந்தால் மறுப்பது என்பதையும் குறிப்பாக எழுத வேண்டும். கண்ணில் படும் பட்டியலையெல்லாம் சேர்த்துக்கொள்வதும் ஆபத்து. பட்டியல்கள் மூடப்படுவதும் உண்டு. பல காலமாகப் புழக்கத்தில் இருந்த சார்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. செத்துப்போன பட்டியலை அமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சின்னச் சின்ன வேலைகள் சில உண்டு. இல்லாத பெயருக்கு வரும் மெயிலையும் ஏற்றுக்கொள்ளும் கேட்ச்-ஆல் வசதியை மூடுங்கள். நம் சர்வரின் பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொண்டு வெளியிலிருந்து வருபவரை மறுங்கள். ஐபி எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவே இல்லாதவரையும் மறுக்கலாம். ஆனால் அந்தப் பதிவும் பெயரும் முன்னும் பின்னும் பொருந்தியே ஆக வேண்டும் என்று கறாராக நிற்காதீர்கள். ஒழுங்கான சிறிய சர்வர்கள் பல அதில் மாட்டிக்கொள்ளும். நம் மெயிலை மாற்றாக வாங்கும் இன்னொரு சர்வரைக் காட்டும் துணை எம்எக்ஸ் பதிவு எதுவும் வேண்டாம். காவல் குறைவாக இருக்கும் என்று ஸ்பேமர்கள் நேராக அங்கேதான் போவார்கள். நம் சர்வர் சில மணி நேரம் படுத்துவிட்டாலும் அனுப்புகிற சர்வர்கள் பொதுவாக 4, 5 நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும், மெயில் தொலைந்துவிடாது.

கிரேலிஸ்டிங் முறையை, அதாவது முன்பின் தெரியாத சர்வரிடம் 450 என்று சொல்லி 'கொஞ்சம் கழித்து வா' என்று அனுப்பிவிடுவதை, நான் எல்லோருக்கும் வைப்பதில்லை. ஓடிபி வர வேண்டிய நேரத்தில் பத்து நிமிடம் தாமதமானால் அது செல்லாமல் போய்விடும். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஐபி எண்ணிலிருந்து முயல்வதால் தாமதம் நீண்டுகொண்டே போவதும் உண்டு. ஆர்ஸ்பாம்டி என்ற வடிகட்டி ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். 4-ஐத் தாண்டினால் மட்டும் காக்க வைப்பது, 6-ஐத் தாண்டினால் ஸ்பேம் என்று குறி போடுவது, 15-ஐத் தாண்டினால் மறுப்பது என்பது அதன் இயல்பான அமைப்பு. நாங்கள் மறுக்கும் எல்லையை 10-க்கு இறக்கி வைத்திருக்கிறோம், ஜங்கில் சேர்வது குறையட்டும் என்று. மிச்சம் வருவதை எங்கள் ஆட்கள் ஒற்றைக் குறுக்கு விசையில் ஜங்குக்கு நகர்த்துவார்கள்; நகர்த்தியதும் வடிகட்டி அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளும். இந்தப் பயிற்சியில் ஸ்பேமை மட்டும் கொடுத்தால் போதாது, நல்ல மெயிலையும் கொடுக்க வேண்டும். ஸ்பாம்அசாசின் என்ற இன்னொரு வடிகட்டியை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வகையிலும் 200 மெயில்கள் பார்க்கும் வரை அதன் பேய்ஸ் கணக்கு (பழைய மெயில்களை வைத்து நிகழ்தகவு போடும் பகுதி) வாயே திறக்காது.

மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்துவிட்டால் ஸ்பேம் நின்றுவிடும் என்பதுபோல் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அவை தடுப்பது ஆள்மாறாட்டத்தை. ஸ்பேமரும் தன் சொந்த டொமைனுக்கு இம்மூன்றையும் அழகாக அமைத்துக்கொண்டுதான் வருகிறார். ஆனாலும் அவை அவசியம். எங்கள் நிர்வாகியின் பெயரில் எங்களுக்கே வந்துகொண்டிருந்த 'அவசரமாகப் பணம் அனுப்பு' மெயில்கள், டிமார்க் கொள்கையை 'ரிஜெக்ட்' ஆக்கி, எங்கள் சர்வரும் அதைப் பார்த்து மறுக்கும்படி செய்த பிறகுதான் நின்றன. எடுத்த எடுப்பிலேயே அங்கே போகக் கூடாது. 'நன்' (எதையும் மறுக்காதே) என்று தொடங்கி, வரும் அறிக்கைகளைப் படித்து, நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரிந்த பிறகே இறுக்க வேண்டும். எஸ்பிஎஃப் பதிவில் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போனால் அந்தப் பதிவே செல்லாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இவை மூன்றையும், மற்றவர்களிடம் எஸ்பிஎஃப் அல்லது டிகிமையாவது கட்டாயமாகக் கேட்கின்றன. இவை இல்லாவிட்டால் நாம் அனுப்பும் மெயில்தான் முதலில் அடிபடும்.

இத்தனைக்கும் பிறகு தப்பி வருகிற ஒரு வகை இருக்கிறது. யாரோ ஒருவரின் உண்மையான கணக்கைத் திருடி, பெரிய நிறுவனத்தின் சர்வரிலிருந்தே அனுப்பப்படும் மெயில். வாசலில் வைக்கும் எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும். உள்ளடக்கத்தைப் படிக்கும் வடிகட்டி ஒன்றுதான் அதற்குக் கதி. நம் ஆட்களின் கணக்குகளும் இப்படித் திருடு போகலாம் என்பதால், வெளியே போகும் மெயிலுக்கு மணிக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். மற்றபடி, லாக்கைத் தினமும் திறந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில் சொந்த சர்வர் வேண்டாம் என்று கட்டுரையாளர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, கட்டுரையின் பெட்டிச் செய்தியில் இருந்த அந்த யோசனை. புதிதாக மெயில் எழுதும் ஒவ்வொருவருக்கும் ஒரு தானியங்கிப் பதில் அனுப்பி, அதில் உள்ள படப் புதிரைத் தீர்த்தால் மட்டுமே மெயிலை உள்ளே விடலாம் என்று போட்டிருந்தீர்கள். போலி முகவரிக்காரர்கள் பெயரில் வரும் ஒவ்வொரு ஸ்பேமுக்கும் அந்தத் தானியங்கிப் பதில் யாரோ ஒரு அப்பாவிக்குப் போகும். நம் சர்வரே ஸ்பேம் அனுப்பும் சர்வராகித் தடைப்பட்டியலில் ஏறிவிடும். அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. படத்தில் உள்ள எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் எங்கள் வாசகர்கள் என்ன செய்வார்கள்? புத்தகம் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திவிடும் ஏற்பாடு அது. பள்ளிகள், நூலகங்கள், சிறு நிறுவனங்கள் என்று உங்கள் கட்டுரையைப் பார்த்து சர்வர் அமைக்கிறவர்கள் இருப்பார்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு அடுத்த வாரப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதற்குப் பதிலாக மறுப்பு வரியில் தொலைபேசி எண் சேர்ப்பதைச் சொல்லுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் அதற்கான அமைப்பு ஒரே ஒரு வரி. எங்கள் சர்வரில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்புகிறேன், நீங்கள் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி