நகையில் தீட்டும் கதையையும் கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் வண்ணம் தீட்டிய சுடுமண் நகைகளை வீட்டிலிருந்தே செய்து விற்கும் பெண்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முதலீடு, சூளை, இணையவழி விற்பனை ஆகியவற்றை விரிவாக எடுத்துச் சொன்ன அக்கட்டுரை, நகைகளின் மேல் என்ன எழுதப்படுகிறது என்பதை மட்டும் ‘புராண, நாட்டுப்புற உருவங்கள்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. இத்தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில், எங்கள் வேலையில் மிகவும் பலவீனமாக இருப்பது அந்த ஒரு வரிக்குள் அடங்கியதுதான் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

மண்ணைச் சலித்துப் பிசைவதும், காற்றுக் குமிழி நின்றுவிடாமல் தட்டுவதும், வெயிலில் வைத்து வெடிக்கவிடாமல் நிழலில் உலர்த்துவதும், சுட்டால் மண் சுருங்கும் என்பதறிந்து கம்பி நுழையும் துளையைச் சற்றுப் பெரிதாக இடுவதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். பயிற்சி வகுப்புகள் இவற்றை நன்றாகவே கற்றுத் தருகின்றன. வண்ணமும் தூரிகையும் கைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு நகல் தாளைக் கொடுத்து, “இதைப் பார்த்து வரையுங்கள்” என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அது யாருடைய கதை, அந்த நிறம் எதனால், எந்தக் கையில் எந்தப் பொருள் இருக்க வேண்டும் என்பதை எவரும் சொல்வதில்லை.

இதனால் நேரும் பிழையைக் காதணிகளில்தான் முதலில் காணலாம். ஒரு சோடிக் காதணியில் வலத்துக்கு எழுதிய உருவத்தை இடத்துக்குத் திருப்பி எழுதுவது எங்கள் வழக்கம். இரண்டும் முகத்தை நோக்கி அமைய வேண்டும் என்பதே காரணம். மயிலுக்கும் மாங்காய்க்கும் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆண்டாளை அப்படித் திருப்பினால், இடக்கையில் இருக்க வேண்டிய கிளி வலக்கைக்குப் போய்விடுகிறது. வலக்கையில் கிளி ஏந்தி நிற்பவள் மதுரை மீனாட்சி என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தச் சோடியில் ஒரு காதில் ஸ்ரீவில்லிபுத்தூரும் மறு காதில் மதுரையும் தொங்குவதாகத் தோன்றும். நடராசரைத் திருப்பினால் தூக்கிய திருவடி வலமாகிவிடும். கால் மாறி ஆடிய கோலம் மதுரை வெள்ளியம்பலத்துக்கே உரியது. தில்லைக் கூத்தன் என்று பெயரிட்டு அதை விற்க முடியாது. பிள்ளையாரின் துதிக்கையும் இப்படியே வலம்புரியாக மாறிவிடுகிறது. தெரிந்து, வேண்டுமென்றே அப்படி எழுதினால் அது ஓவியரின் துணிச்சல். தெரியாமல் எழுதி, கேட்கும் வாடிக்கையாளரிடம் விழிப்பதுதான் வருத்தத்துக்குரியது.

பதக்கங்களில் வேறொரு வகைக் கவனக்குறைவைப் பார்க்கிறேன். கண்ணகி உருவம் எழுதிய பதக்கம் ஒன்றில், உடைந்த சிலம்பிலிருந்து வெள்ளை முத்துகள் சிதறுவதாகத் தீட்டியிருந்தார்கள். வண்ணச் சேர்க்கைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் முத்துப் பரல் கொண்டது பாண்டிமாதேவியின் சிலம்பு. கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். வழக்கே அந்த வேறுபாட்டில்தான் தீர்கிறது. ஒரு ரூபாய் நாணய அளவுள்ள பரப்பில் முழுக் காட்சியையும் எழுத இடமில்லை என்பதால், சிவப்பா வெள்ளையா என்ற ஒரு புள்ளியின் நிறமே கதையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சுவர் ஓவியத்தில் பிழை நூறு உருவங்களுக்கு நடுவே மறைந்துவிடக்கூடும். பதக்கத்தில் அதற்கு ஒளிய இடமில்லை.

தமிழகத்தில் விற்பனையாகும் இத்தகைய நகைகளில் ‘மதுபனி’ என்ற பெயர் அடிக்கடி காணப்படுகிறது. பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் வீட்டுச் சுவரில் எழுதிவந்த அந்த ஓவியம், 1960களின் வறட்சிக் காலத்தில் அவர்களுக்கு வருமானம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காகிதத்துக்கு மாற்றப்பட்டது. அதே ஊர்களில் வாழ்ந்த துசாத் சமூகத்துப் பெண்கள், 1970களில், தங்கள் உடலில் குத்திக்கொண்டுவந்த பச்சைக்குத்துக் கோலங்களிலிருந்தே ‘கோத்னா’ என்ற தனி வழியை வளர்த்து, தங்கள் நாட்டார் தெய்வமான ராஜா சல்ஹேசின் கதையை எழுதினார்கள். யானை மேல் அமர்ந்த வீரனும் வரிசை வரிசையாகச் சிறு கோடுகளும் வட்டங்களும் கொண்ட அந்த வடிவங்களை, யார் என்று அறியாமல் ‘ராஜஸ்தான் டிசைன்’ என்று எழுதி விற்பவர்களையும் கண்டிருக்கிறேன். உடலில் அணியாகக் கிடந்த கோலம், சுவரையும் காகிதத்தையும் சுற்றிவிட்டு மீண்டும் ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்ற செய்தியை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு நகையோடு தந்தால், அந்த நகையின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. பிறர் மரபை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதுவதானால், அது எவருடையது என்று தெரிந்து, அவர்கள் பெயரைச் சொல்லி எழுத வேண்டும் என்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, வண்ணம் தீட்டிய கதை நகைகள் நம் ஊரிலேயே காலங்காலமாக இருந்தும் பயிற்சி வகுப்புகள் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதாகும். வட மாவட்டங்களின் கூத்தில் துரியோதனனும் கர்ணனும் கட்டிக்கொண்டு வரும் கிரீடம், புஜகீர்த்தி என்னும் தோளணி, மார்புப் பதக்கம் ஆகியவை எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் பளபளக்கும் தாளும் ஒட்டி, வண்ணம் கொடுத்தவை. கட்டைக்கூத்து என்ற பெயருக்கே அந்தக் கட்டை அணிகள்தான் காரணம். இரவு முழுவதும் ஆடும் ஒருவர், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் இன்னார் என்று தெரியும்படி அணிய வேண்டியிருந்ததால், எந்த நிறம் எதை அடுத்து வர வேண்டும் என்ற தெளிவு அக்கலைஞர்களிடம் நிறையவே இருக்கிறது. துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை என்று ஒப்பனையில் அவர்கள் வகுத்துக்கொண்ட கணக்கு, சிறிய பரப்பில் உருவம் எழுதும் எங்களுக்கு எந்த நகல் தாளையும்விட உதவும். தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில், கோயில்களில் தொங்கவிடும் உருளைத் துணிகளான தொம்பைகளிலும், மேற்கட்டித் துணிகளான விதானங்களிலும் எழுதப்பட்டுவரும் கருப்பூர் கலம்காரித் துணி ஓவியம் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் யாளியும் அன்னமும் கொடியும் பட்டையான வளையலுக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் மண்பாண்டக் கலைஞர்களான வேளார்கள் செய்யும் அய்யனார் குதிரையோ, எங்கள் நகைகளைப் போலவே மண்ணில் பிறந்து, சூளையில் வெந்து, வண்ணம் பூசிக்கொள்வது. அதன் கழுத்து மணிகளையும் சேணத்தையும் பார்த்துவிட்டு ஜிமிக்கி செய்ய உட்காருபவருக்கு வடிவத்துக்குப் பஞ்சமே இராது.

ஒரு தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நாட்டார் தெய்வங்களின் கதைகள் பலவும் கொலையிலும் சாதிக் கொடுமையிலும் முடிந்தவை. இன்றும் சில குடும்பங்கள் அவர்களைத் தங்கள் முன்னோராகவே வழிபடுகின்றன. மதுரைவீரனையோ காத்தவராயனையோ நல்லதங்காளையோ வெறும் அழகுக்காக எழுதுவதற்கு முன் அக்கதையைப் பாடுபவர்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. கதை தெரிந்தால் எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்பதும் தானே தெரியவரும்.

ஆகவே, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சுடுமண் நகைப் பயிற்சி நடத்துவோர், பாடத்திட்டத்தில் இரண்டு நாள்களையாவது ஒதுக்கி, ஒரு கூத்துக் கலைஞரையும் ஒரு கலம்காரி ஓவியரையும் உரிய மதிப்பூதியம் தந்து அழைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு ஏற்றவை. அப்போது பாரதக் கூத்துகள் இல்லாமல் கலைஞர்களுக்கு ஓய்வு கிடைக்கும். ஈரக்காற்றில் மண்ணும் உலராது என்பதால் எங்கள் சூளைகளும் பெரும்பாலும் அணைந்துதான் கிடக்கும்.

இப்படிக்கு,
சுடுமண் நகை செய்யும் ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்.