இங்க தைலமரம் நடுறோம்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். ஜூலைங்கிறதால இங்க குளிர் ஜாஸ்தி, ஆனா செடி நடுறதுக்கு இதுதான் சீசன், மண்ணு ஈரமா இருக்கும்ல. அதான் நேத்து மெரி க்ரீக்ல செடி நடப் போனோம். மெல்போர்னுக்கு வடக்க வாலன் பக்கம் கிளம்பி ஊருக்குள்ள பாறையும் கல்லுமா ஓடி வந்து யர்ரா ஆத்துல சேருற ஓடை அது. என்ன நட்டோம்னு கேட்டா கோவப்படுவீங்க, தைலமரம்!

நம்ம புதுக்கோட்டை பக்கம் தண்ணிய எல்லாம் உறிஞ்சுதுன்னு நீங்கல்லாம் எதிர்த்துக்கிட்டு இருக்கீங்களே, அதே குடும்பம்தான், இங்க ரிவர் ரெட் கம்னு சொல்றாங்க. ஆனா இங்க அது ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்த மரம், நூறு வருசத்துக்கு மேல நின்னாதான் நல்ல பொந்து விழுமாம், அதுலதான் கிளி எல்லாம் கூடு வைக்குது. அங்க வரிசையா நட்டு சில வருசத்துலயே பேப்பர் மில்லுக்கு வெட்டிடுறாங்க. மரத்தச் சொல்லி என்னப்பா பண்றது, கொண்டு போய் வெச்ச எடத்தத்தான் சொல்லணும்.

இங்க வெட்டுறது வில்லோவ. ஐரோப்பாவுல இருந்து வந்த மரம், கரை அரிக்காம இருக்கட்டும்னு ஒரு காலத்துல வெச்சது, இப்ப நம்ம ஊர் சீமைக்கருவை மாதிரி ஆயிருச்சு. ஒரு குச்சி ஒடிஞ்சு தண்ணில மிதந்து போனாக்கூட கீழ எங்கயாவது ஒதுங்கி வேர் விட்டுரும், வேர் தண்ணிக்குள்ளயே பாயா படர்ந்து சேத்தப் பிடிச்சு ஓடையவே திருப்பிடும், அதுபோக இலையுதிர் காலத்துல மொத்த இலையும் ஒரேயடியா கொட்டி அழுகிப்போகும். கம் மரம் வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இலை உதுக்கும், தண்ணிப் பூச்சிங்களுக்கு அந்த இலைதான் சாப்பாடு, அந்தப் பூச்சியத் தின்னுதான் மீன் பொழைக்குது. வில்லோவ வெட்டுனாலும் வேரத் தோண்ட மாட்டாங்க, கரை சரிஞ்சிரும்னு அடிக்கட்டைல மறுபடி துளிர்க்காம இருக்க களைக்கொல்லி மருந்து மட்டும் தடவி விட்டுட்டு பக்கத்துல நாட்டுச் செடிய வைப்பாங்க.

தண்ணி ஓரத்துல லொமாண்ட்ரானு ஒரு கோரை மாதிரிச் செடி வெச்சேன். நாத்து வளத்திருக்குற சின்ன பிளாஸ்டிக் ட்யூபத் தலைகீழாக் கவுத்து லேசாத் தட்டுனா வெள்ளை வேரோட முழுசா வெளிய வருதுப்பா, அவ்வளவு அழகு! குழில வெச்சு மண்ண அமுக்கி, சுத்தி குச்சி நட்டு பிளாஸ்டிக் உறை மாட்டணும், இல்லேன்னா முயல் கடிச்சிரும்.

1989ல இந்த ஓடைக்குன்னே மெரி க்ரீக் மேனேஜ்மென்ட் கமிட்டினு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அக்கம்பக்கத்து ஜனங்களும் சேந்து நட்டாங்க. கரை மொட்டையாப் போனப்ப காணாமப் போன சேக்ரட் கிங்ஃபிஷர்ங்கிற மீன்கொத்தி 90கள்ல திரும்பி வந்துச்சாம், அதுக்குன்னு திருவிழாவே எடுத்திருக்காங்க.

நம்ம வெள்ளாத்துக் கரைல சீமைக்கருவை வர்றதுக்கு முன்னாடி என்னென்ன மரம் நின்னுச்சு? நீர்மருதும் புங்கையும் இருந்துச்சுன்னு தாத்தா சொல்லுவாரு. சித்தப்பாகிட்டயும் கேட்டு, எந்த மரம் எந்த வளைவுல நின்னுச்சுன்னு எழுதி அனுப்புங்க. நான் தை மாசம் வர்றப்ப நாத்து வாங்குற செலவு என்னோடது.

அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க மக
செல்வி