எச்.ஆர். துறைக்கு, ஒரு ஹெட்செட் விஷயமாக

எச்.ஆர். துறை நண்பர்களுக்கு,

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பக்கத்துக் கட்டிடத்தில் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

கடைசி நாளன்று லேப்டாப், சார்ஜர், ஹெட்செட், ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். நாற்பது நாள் கழித்து மெயில் வருகிறது: ஹெட்செட் வரவில்லை, அதனால் நோ ட்யூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) முடியவில்லை, அதனால் செட்டில்மென்ட், அதாவது கடைசிக் கணக்குப் பணம், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சாமானுக்காக லட்சக்கணக்கான பணம் நிற்கிறது, அதுவும் என் பணம். அதே வாரம் இரவு பதினோரு மணிக்கு என் இடத்துக்கு வந்த பையன் வாட்ஸ்அப்பில், ராத்திரி தானாக ஓடும் புரோகிராம் ஏன் நிற்கிறது என்று கேட்கிறான். சொல்லிக்கொடுத்தேன், அவன் என்ன செய்வான் பாவம்.

90 நாள் நோட்டீஸ் வாங்கினீர்கள். அதில் பாதி நாள் 'இருந்துவிடுங்களேன்' பேச்சிலேயே போனது, மீதியில் புது வேலைகளைத் தலையில் கட்டினீர்கள், என் வேலையைக் கேட்டுக் கற்றுக்கொள்ள ஆள் வந்தபோது எட்டு வேலை நாள்தான் பாக்கி. ராஜினாமா பேப்பர் போட்ட வாரமே ஆளைக் காட்டியிருந்தால் ஒரு மாதமே தாராளம்.

எக்ஸிட் இன்டர்வியூ படிவத்தில் மேல்படிப்பு, நல்ல வாய்ப்பு, குடும்பக் காரணம் என்று மூன்றுதான் இருந்தன. மேலாளர் என்று ஒன்று இல்லாததால் குடும்பத்தைத் தேர்வு செய்தேன். அது என்ன குடும்பக் காரணம் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆள் தானாகப் போனாலும் நீங்கள் அனுப்பினாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் மெயிலில் இன்னும் '45 முதல் 60 நாள்' என்றே இருக்கிறது, பழைய டெம்ப்ளேட்டை யாரோ மாற்ற மறந்திருப்பார்கள் என்று நல்லவிதமாகவே எடுத்துக்கொள்கிறேன். கிராஜுவிட்டியை (பணிக்கொடை) 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. கணக்கும் ரகசியமில்லை, கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் சர்வீஸ் வருடங்களாலும் பெருக்கினால் முடிந்தது. பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியைப் போடுவது ஐந்து நிமிட வேலை, அது இல்லாமல் புது நிறுவனத்துக் கணக்குக்குப் பணத்தை மாற்ற முடியாது. கடைசிப் பங்களிப்பு கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு நாங்களே போட்டுக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம், நானும் கடைசியில் அப்படித்தான் போட்டேன்.

எனக்கு வர வேண்டியது 97ஆம் நாள் வந்து சேர்ந்தது. அப்புறம் ஏன் இந்த மடல் என்றால், என் பழைய டீமில் இன்னொருவர் போன வாரம் பேப்பர் போட்டிருக்கிறார். அவருடைய வேலையை யார் வாங்கிக்கொள்வது என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஹெட்செட்டைக் கடைசி நாளன்றே எண்ணிப் பாருங்கள், அவர் அங்கே நிற்கும்போதே.