பொருளாளராகப் போகிற மகளுக்கு

அன்பு மகள் ஜெசிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ சமையலைப் பார்ப்பாய். அதனால்தான் கடிதம்.

பெங்களூர் சபையில் உன்னைப் பொருளாளராக நிற்கச் சொல்கிறார்கள் என்று சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விடப் போகிறாளா?" என்கிறார். அவர் பார்த்த கமிட்டிகள் அப்படி. எனக்கு நீ ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் நீ தயங்குவதற்குச் சொன்ன காரணம் சரியில்லை. "எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது, நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணக் கூச்சம், கணக்கு மட்டும்தான் தெரியும்" என்றாய். கணக்கு 'மட்டும்' என்று யார் உனக்குச் சொன்னது?

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் எடுத்து வாசி. எருசலேம் சபையில் முதல் தடவையாகப் பொறுப்பு பிரித்துக் கொடுத்தது பந்தி விசாரணைக்குத்தான். தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கிரேக்கர், அதாவது கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள், முறுமுறுத்தார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது குறை சொன்ன பக்கத்து ஆட்களின் கையிலேயே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். நம்முடைய கமிட்டிகளில் இப்படி நடக்குமா என்று யோசித்துப் பார். குறை சொன்னவனை அடுத்த தேர்தலில் எப்படிக் கழற்றிவிடலாம் என்றுதான் கூடிப் பேசுவார்கள்.

அதனால் பதவிக்கு வந்தால், உங்கள் சபையில் யார் முறுமுறுக்கிறார்கள் என்று முதலில் பார். முறுமுறுக்கக்கூடத் தைரியமில்லாதவர்களையும் பார். ஆராதனை தொடங்கியபிறகு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் ஓடிவிடுகிற செக்யூரிட்டிப் பையன்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள், மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாததால் கோயிலுக்கே வராமல் இருக்கிற கிழவிகள். இவர்களில் பத்துப் பேரை உனக்குப் பெயர் சொல்லத் தெரிந்தால், ஜெபம் பண்ணக் கூச்சப்படுவதெல்லாம் ஒரு குறையே இல்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் கோயிலில் ஒரு பொருளாளர் இருந்தார். பெயர் வேண்டாம், உனக்கே தெரிந்திருக்கும். ஒரு பைசாவைத் தொடாத மனுஷர். கோயில் வேலைக்குப் போய்வருகிற பஸ் செலவைக்கூடக் கைக்காசில்தான் போடுவார். ஆனால் கணக்கு முழுவதும் அவர் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் இருந்தது. பாதி அவர் தலையில் இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவனுக்கு எவ்வளவு, பண்டிகைப் பந்தல்காரனுக்கு எவ்வளவு என்று எல்லாம் வாய்க்கணக்கு. வவுச்சர் கேட்டால், "என்னை நம்பமாட்டீர்களா?" என்பார். யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பேங்க் பாஸ்புத்தகத்துக்கும் நோட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் வீட்டில் கிறிஸ்மஸுக்குக் கை நனைத்தவர்களே "எடுத்திருப்பாரோ" என்று பேசினார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பதில் சொல்லத்தான் முடியவில்லை.

உண்மையாக இருந்தால் மட்டும் போதாது ஜெசி, அது மற்றவர்களுக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பவுலுக்கே இந்த ஜாக்கிரதை இருந்தது. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோக அவர் ஒற்றை ஆளை அனுப்பவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். இரண்டாம் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்.

நான் கமிட்டியில் இருந்தபோது காணிக்கை எண்ணும் முறையை மாற்றினோம். ஆராதனை முடிந்ததும் பையை ஐயர், அதாவது நம் பாஸ்டர், அறைக்கு எடுத்துப்போய், மேசையில் ஒரு துணி விரித்துக் கொட்டுவோம். கோயில் வேலைகளைப் பார்க்கிற குட்டியார் சில்லறையைப் பிரித்து அடுக்குவார். சுருட்டிப் போட்டிருக்கிற பத்து ரூபாய்த் தாள்களை நீவி நேராக்கவே தனியாக ஒருவர் வேண்டும். எண்ணுகிற இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, வாரா வாரம் ஆள் மாற வேண்டும். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் "மகன் வேலை", "ஆபரேஷன் சுகம்" என்று எழுதியிருப்பார்கள். அதை வாசித்துவிட்டு வெளியே போய்ப் பேசக் கூடாது என்பதும் ஒரு சட்டம். (இந்தச் சட்டத்தைத்தான் அதிகம் பேர் மீறினார்கள்.) எண்ணியதை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபிறகுதான் கதவைத் திறப்பது. பணம் யார் வீட்டுக்கும் போகாது, மறுநாள் பேங்குக்குப் போகும். ஆரம்பத்தில் பெரியவர்கள் சிலருக்குக் கோபம், "இத்தனை வருஷம் நாங்கள் திருடினோமா?" என்று. இரண்டு மாதம் கழித்து அவர்களே எண்ண வந்து உட்கார்ந்தார்கள். உங்கள் ஊரில் பாதிப் பணம் கியூ.ஆர். கோடில் வரும். அது யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது என்று முதல் வாரமே பார்த்துவிடு. தனி ஆள் பெயரில் இருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாற்றச் சொல்.

மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையில், தெரிந்தெடுக்கிற ஆட்கள் தேவனுக்குப் பயந்தவர்களாக, உண்மையுள்ளவர்களாக, பொருளாசையை வெறுக்கிறவர்களாக, திறமையுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று நாலும் சேர்ந்துதான் வருகிறது. நம் சபைகளில் பக்தி இருந்தால் திறமை வேண்டாம் என்று ஒரு கூட்டமும், நாலு காசு உள்ளவர்தானே கோயிலுக்குச் செய்வார் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இரண்டையும் நம்பாதே.

பாஸ்டர் விஷயம். அவரோடு எப்படி நடந்துகொள்வது என்று கேட்டாய். சேகரத்துக்கு, அதாவது ஒரு ஐயரின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு, வருகிற ஐயர்மார் சில வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். ஜனங்கள் அங்கேயேதான் இருப்பார்கள். யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு மனவருத்தம், எந்த இடத்துக்குப் பத்திரம் இல்லை, எந்தப் பிள்ளைக்குப் படிப்புக்கு உதவுவதாகச் சபை வாக்குக் கொடுத்தது என்பதெல்லாம் புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சிலர் அதை வைத்தே ஐயரை ஆட்டிப்படைப்பார்கள். இன்னும் சிலர் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள், மாற்றலாகிப் போன மறுநாளே திட்டுவார்கள். உனக்கு ஒத்துப்போகாததைக் கமிட்டியில், அவர் முகத்துக்கு நேராக, மரியாதையாகச் சொல். மினிட் புக்கில் எழுதச் சொல். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை போடாதே.

ஐயர் வருவதற்கு முன்னாலேயே சபை உண்டு என்பதற்கு நம் பாளையங்கோட்டையை விடவா சாட்சி வேண்டும்? கிளாரிந்தா அம்மாள் 1778-ல் ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கையில் ஞானஸ்நானம் பெற்றார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. ஒரு ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர் என்பதால் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்! ஆனால் 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பேரில் முதல் பெயர் அவருடையது. 1785-ல் பிரதிஷ்டையான கோயிலைக் கட்டியவரும் அவர்தான். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். அங்கே உபதேசியாராக இருந்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்று ஐயரானது 1790-ல்தான். திருநெல்வேலிச் சபை ஒரு பெண்ணைச் சுற்றித்தான் கூடியது. இதைத் தெரிந்துகொண்டே, பொம்பளைக்கு எதற்குப் பொருளாளர் பதவி என்று கேட்கிறவர் உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் சண்டைக்குப் போகாதே. கணக்கை மட்டும் மாதா மாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டு.

வெள்ளாளன்விளை அசரியா ஐயரை எல்லாரும் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது 1912. அதற்கு ஒன்பது வருஷம் முன்பு, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றபோது அவர் குருவானவரே இல்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்த, 28 வயதுப் பையன். நம் ஜனங்கள் கொடுத்த பணத்தில் நம் ஆட்களையே தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். உலையில் போடும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைக்கிற வழக்கம் உன் ஆச்சி வீட்டில் கடைசி வரைக்கும் இருந்தது. அந்தக் கைப்பிடி அரிசியை யாரும் குலுக்கிப் பார்த்து அளந்ததில்லை. கொண்டுபோகிறவர்கள் சரியான இடத்தில் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

தேர்தல் என்றால் அணி உண்டு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நோட்டீஸ், கார், பிரியாணி எல்லாம் உண்டு. ஒரு பிஷப்புக்குக் கீழுள்ள சபைகள் சேர்ந்ததுதானே திருமண்டலம், அப்படிச் சில திருமண்டலங்களில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது, உனக்குத் தெரியாததல்ல. நீ அணிப் பட்டியலில் பெயர் கொடுக்காதே. தனியாக நின்று தோற்றாலும் பரவாயில்லை. இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. பெங்களூரில் சாதியைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும் அப்பா பெயர், அப்புறம் தெரு. நாகர்கோவில்காரர், திருநெல்வேலிக்காரர், வேலூர்க்காரர் என்று காபி குடிக்கும்போது தனித்தனியாக நிற்பார்கள். நீ எல்லாரிடத்திலும் போய் நில். நம் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

போன அசனத்தில், நம் கோயில் விருந்தில், நடந்ததைச் சொல்கிறேன். சோறும் ஆட்டுக்கறியும் எப்போதும் போலத்தான். கமிட்டி ஆட்கள் பாதிப் பேர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கூடவே அவர்கள் வீட்டு விருந்தாளிகள். வெளியே சட்டி, தூக்குவாளியோடு வரிசை நின்றது. சேகரச் செயலாளர் மட்டும் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்று, கறியை அடியிலிருந்து கிண்டிக் கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வருகிறவர்களுக்கு வெறும் குழம்பு மட்டும் போகக் கூடாதாம். வரிசை முடிந்தபோது மூன்று மணி. அப்புறம்தான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு குட்டியாரோடு படியில் உட்கார்ந்தார். அவர் நன்றாகப் பேசத் தெரியாதவர், அறிவிப்பு வாசித்தால் தடுமாறுவார். இந்தத் தடவையும் அவரைத்தான் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையிடம் கேட்டாயா? உனக்குச் சனிக்கிழமை கமிட்டி, ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை, மார்ச் மாதம் ஆடிட் என்றால் அவருக்கும் பிள்ளைக்கும் அது பாரம். சொந்த வீட்டை நடத்த அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்டது ஆம்பிளைகளைத்தான், இருந்தாலும் கேட்டுக்கொள். இன்னொன்று, வருகிற முதல் வருஷமே ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கெழுதப் பழக்கு. உன் தவணை முடிந்ததும் எழுந்து வந்துவிடு. நானில்லாவிட்டால் நடக்காது என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

ஒத்துக்கொள்வதற்கு முன்னால் மூன்று வருஷத்து ஆடிட் அறிக்கையையும் சபை விதிமுறைப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி வாசி. தரத் தயங்கினால், ஏன் தயங்குகிறார்கள் என்று தெரியாமல் சம்மதம் சொல்லாதே. பழைய பொருளாளர் ஒப்படைக்கும்போது பேங்க் ஸ்டேட்மென்ட், பாக்கி பில், செக் புத்தகத்தில் மிச்சமிருக்கிற தாள் வரைக்கும் எண்ணி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

அப்பா இதை வாசித்துவிட்டு, "அவள் ஆபீசில் செய்கிற வேலையைத்தானே நீ அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் யாருக்கும், பாஸ்டருக்கும்கூட, கொடுக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். வேண்டாம் என்றவர் இப்போது தேர்தல் எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்ததும் சொல்.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அம்மா